பொள்ளாச்சி மணியின் நிஜப் பெயர்

பள்ளிக்கூடத்தில் என்னைப் "பந்தாட்டக்காரன் ஊட்டுப் புள்ள" என்று கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் இப்போது நம் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறீர்கள். காலையில் சாமி படம், மத்தியானம் சர்க்கரைக்குக் கைவைத்தியம், சாயங்காலம் முட்டி வலிக்கு எண்ணெய். இதற்கு நடுவே போன மாதம் என் சித்தப்பாவின் படம் வந்தது. கொச்சியில் பழைய ஆட்டக்காரர்களுக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். போர்த்தியதை என்ன செய்வதென்று தெரியாமல், மடித்து மடியில் வைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தார் சித்தப்பா.

படத்துக்குக் கீழே உங்களில் ஒருவர் கேட்டிருந்தீர்கள், "இவர் ஆட ஆரம்பிச்ச புதுசுல ஒரு சீசன் ஆளையே காணோமே, ஏன்?" என்று. இன்னொருவர் உடனே பதிலும் போட்டிருந்தீர்கள். "அவரா கெடுத்துக்கிட்டது. செவன்ஸ் ஆடக்கூடாதுன்னு சொல்லியும் ஆடி, தன் பேரை மைக்கில் வேற சொல்லச் சொன்னார். வயசுத் திமிர்."

அதற்குக் கட்டைவிரல் காட்டியவர்கள் ஏராளம். உங்களைக் குறை சொல்லவில்லை. அந்தக் கதையை ஊரில் பரப்பியதே எங்கள் வீடுதான். அப்பா இப்போது இல்லை. இல்லாதவரைப் பற்றி எழுதக் கூசுகிறது. இருக்கிறவரைப் பற்றி இப்படிப் படிக்கும்போது அதைவிடக் கூசுகிறது. அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வயது வித்தியாசம் அதிகம். தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தது அப்பாதான். ஊர் சிமெண்ட் கம்பெனி கேட்டில் அப்பா டைம் கீப்பர். உள்ளே போகிற ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிட்டு அட்டை கொடுப்பது அவர் வேலை. பேர் சொல்லி நாலு பேர் நம்மை மதிக்க வேண்டும் என்பார். சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டால் பேசாமல் சாப்பிடுவார், கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குப் பின்னால் உத்தியோகம் விட்டுப்போனால் அந்தக் கல்யாணத்துக்கே போகமாட்டார்.

சித்தப்பா பத்தாம் வகுப்பில் தோற்றுவிட்டு, சிமெண்ட் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டும் வேலைக்குப் போனார். அன்றைக்கெல்லாம் கேரள எல்லையில், வாளையார் செக்போஸ்ட்டில் நிற்கும் லாரி வரிசை எங்கள் ஊர்த் திருப்பம் வரைக்கும் வந்துவிடும். எங்கள் பக்கத்துச் செடிகளுக்கெல்லாம் மழைக்காலத்தில்தான் பச்சை நிறம், மற்ற நாளில் சிமெண்ட் நிறம். வரிசைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு பொட்டல் இருந்தது. லாரி நகரும் வரைக்கும் கிளீனர் பையன்கள் அங்கே பந்து விளையாடுவார்கள். சித்தப்பாவும் சேர்ந்துகொள்வார். டீசலும் நனைந்த தார்ப்பாயும் வேர்வையும் கலந்த ஒரு வாசனையோடுதான் வீட்டுக்கு வருவார். எனக்கு அந்த வாசனை பிடிக்கும். அம்மா அவரைக் கிணற்றடிக்குத் துரத்துவாள்.

அந்தப் பொட்டலில் ஒரு சங்கடம். பந்து கொஞ்சம் நீண்டு உருண்டால் லாரிக்கு அடியில் போய்விடும். அந்த நேரம் பார்த்து வரிசை நகர்ந்தால் டயரின் கீழ் பந்து தீர்ந்தது. அப்புறம் புதுப் பந்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் எவ்வளவு வேகமாக வந்தாலும் பந்தைக் காலடியிலேயே நிறுத்தப் பழகிக்கொண்டார் சித்தப்பா. பிற்காலத்தில் பேப்பர்காரர்கள் அவர் காலில் பசை தடவியிருப்பதாக எழுதினார்கள். பசையும் இல்லை, ஒன்றும் இல்லை. லாரிக்குப் பயந்து வந்த வித்தை அது.

அவருடைய பூட்ஸ் எங்கள் வீட்டுக் கூடத்தில் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும். உள்ளே பழைய பேப்பரைத் திணித்து, மேலே தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருப்பார். ஊர்ப் பந்தாட்டக் கமிட்டியை நடத்திய டீக்கடைக்காரர் வாங்கிக் கொடுத்த பூட்ஸ் அது. அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"மணி பாக்கற எடத்துல கொண்டாந்து செருப்பத் தொங்க உட்டிருக்கறான் பாரு," என்பார். "டைம் ஆபீஸ்காரன் தம்பி லாரிக்காரனுககூட ஆடீட்டுத் திரியறான்னு கேட்டுல சிரிக்கறாங்க."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க," என்பாள் அம்மா. "ஓடியாடற வயசுங்க."

கொழிஞ்சாம்பாறைப் பக்கமெல்லாம் சித்தப்பாவுக்குப் பெண் கேட்டுப் போனோம். குழந்தை கூட வந்தால் சகுனம் நல்லது என்று என்னையும் கூட்டிப்போவார்கள். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டால் "கம்பெனிப் பக்கந்தானுங்க" என்று அப்பா மென்று விழுங்குவார். ஒரு வீட்டில் பெண்ணின் பாட்டனார், "ஓ, அந்தப் பந்து ஒதைக்கற பையனுங்களா" என்று கேட்டுவிட்டு உள்ளே பார்த்து, "காப்பி போதும், பலகாரம் வேண்டாம்" என்றார். அப்பா அந்தக் கொதிக்கிற காப்பியை ஒரே மூச்சில் குடித்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் எங்களோடு உட்காராமல் முன்னால் போய் நின்றுகொண்டே வந்தார். அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். இப்போதும் அதை நினைத்தால் அவர்மேல் முழுசாகக் கோபப்பட முடியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கொச்சியிலிருந்து ஒரு பெரிய கம்பெனி டீமின் கோச், மாவட்ட ஆட்டம் ஒன்றில் சித்தப்பாவைப் பார்த்தார். ஒரு சீசன் வந்து ஆடட்டும், கோல் அடித்தால் வேலையும் நிரந்தரம், டீமும் நிரந்தரம் என்றார். பந்து உதைப்பதற்குச் சம்பளம் தருவார்கள் என்பதை எங்கள் ஊரில் அன்றுதான் கேள்விப்பட்டோம்.

கொச்சிக்குப் போய்விட்டு முதல் தடவை வீட்டுக்கு வந்த அன்று சாப்பிட உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"ஒன்னே ஒன்னுதானுங்ணா கண்டிசன். செவன்ஸ் ஆடக்கூடாது. ஆடுனது தெரிஞ்சா பந்தாட்ட அசோசியேசன்ல ஒரு வருசம் ஆட உடாமத் தள்ளி வெச்சுருவாங்க. அப்பறம் கம்பெனியும் வேண்டாம்னுருவாங்க."

"ஏன், செவன்ஸும் பந்துதான?" என்றாள் அம்மா.

"ஏழு பேரு ஆட்டமுங்க அண்ணி. அறுத்த வயல்ல ஆடறது. காலு ஒடஞ்சா கேக்க நாதியில்ல. அதான் பதிவு பண்ணுன ஆட்டக்காரன் ஆடக்கூடாதுங்கறாங்க."

அப்பா ரசத்தைப் பிசைந்துகொண்டே "செரி, செரி" என்றார். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அப்பாவுக்குத் தெரியாது என்று பிற்பாடு சொல்லிப் பார்த்தார்கள். தெரியும். நான் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

தை மாதம் அறுவடை முடிந்தது. எங்கள் கணவாய்க் காற்று உங்களுக்குத் தெரியும். அந்த மாதத்தில் துணி காயப்போட்டால் பக்கத்து ஊரில் போய்த்தான் பொறுக்க வேண்டும். செவன்ஸ் போட்டிக்காக அறுத்த வயலைச் சமப்படுத்தி, மூங்கிலும் பாக்குமரமும் கட்டி நாலு பக்கமும் ஜனம் உட்காரக் காலரி எழுப்பினார்கள். ஜீப்பில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வந்து நோட்டீஸ் வீசினார்கள். ரோஸ் நிறம், பச்சை நிறம், அதன் பின்னால் ஓடிய நாம். அந்த மெல்லிசுக் காகிதத்தின் மை வாசனை இப்போது எந்தக் காகிதத்திலும் இல்லை.

மாரியம்மன் நோம்பிக்குச் சித்தப்பா லீவில் வந்திருந்தார். எங்கள் ஊர் டீம் ஆடும் பைனலுக்கு முந்தின நாள் டீக்கடைக்காரர் வீட்டுக்கு வந்து, கடிகாரத்துக்குக் கீழே இருந்த வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சித்தப்பா முடியாது என்று சொல்லியிருப்பாரோ என்னவோ.

ஆனால் உண்மையில் அழுத்தியது டீக்கடைக்காரர் இல்லை. அதே வாரம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரர், தன் பெண்ணுக்குச் சித்தப்பாவைக் கேட்டிருந்தார். பந்தாடிச் சம்பளம் வாங்குகிறான் என்று சொன்னதை அவரால் நம்ப முடியவில்லை. "என்ற கண்ணால ஒருக்கா ஆடறதப் பாத்துட்டுச் சொல்றேனுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். கொச்சிக்குப் போய்ப் பார்க்க அவருக்குத் தோதில்லை. பைனல் பக்கத்திலேயே இருந்தது.

"ஒரு நாளைக்குத்தானடா," என்றார் அப்பா. "அவரு பாத்துட்டுப் போகட்டும். ஆடிப் போடு."

"பேர மாத்தி ஆடறேனுங்ணா," என்றார் சித்தப்பா.

செவன்ஸில் அது ஒரு வழக்கம். தடை உள்ள ஆட்டக்காரர்கள் வேறு பெயரில் இறங்குவார்கள். போலீஸ் டீம்காரர் ஒருவர் "ஒற்றப்பாலம் பாபு" என்று ஆடுவார். காலரியில் இருக்கிற அத்தனை பேருக்கும் அவர் யார் என்று தெரியும். ஒருவரும் நிஜப் பெயரைச் சொல்லமாட்டார்கள். எதிர் டீம்காரன் தோற்றாலும் சொல்லமாட்டான். முகத்தைப் பார்த்தேன் என்று யாரும் புகார் எழுத முடியாது, அதற்குப் பெயர் வேண்டும். அந்தப் பெயரை ஒரு கூட்டமே வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். படிப்பில்லாத கூட்டம், கெட்ட வார்த்தையில் மூழ்கிக் குளிக்கிற கூட்டம். இந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்கு இருந்த மரியாதை எங்கள் வீட்டில் இல்லாமல் போயிற்று.

நாலரை மணிக்கு ஆட்டம். லைட் போட்டு ஆடும் காலம் எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. அப்பா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பந்தாட்டத்துக்குப் போனார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். ஒரு பக்கம் பெண்ணின் அப்பா, அவருக்கு அந்தப் பக்கம் அவருடைய பங்காளி ஒருவர், அப்பாவுக்கு இந்தப் பக்கம் நான். வறுத்த கடலை, பீடிப் புகை, வைக்கோல் வாசனை. மைக்கில் அறிவிப்பவர் மலையாளத்தில் ஏற்ற இறக்கத்தோடு ஆட்டக்காரர்களின் பெயரைப் பாடுகிற மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார். ஒன்பதாம் நம்பருக்கு வந்ததும், "நம்ம சொந்தம் பொள்ளாச்சி மணி" என்றார். காலரி முழுக்கச் சிரித்துக் கைதட்டியது. அந்தச் சிரிப்பில் எல்லாம் இருந்தது. நமக்குத் தெரியும், சொல்லமாட்டோம் என்பது இருந்தது.

பெண்ணின் அப்பாவுக்கு அது எட்டவில்லை.

"ஏனுங்க, உங்க தம்பி எங்கீங்க?"

"அதானுங்க. ஒம்பதாம் நம்பரு."

"அது ஆரோ பொள்ளாச்சி மணிங்கறாங்களே."

"இல்லீங்க, அவந்தானுங்க."

பெண்ணின் அப்பா பங்காளியைத் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, வயசுக்குத் தகுந்த சந்தேகம். ஆனால் அப்பாவின் காது சிவந்தது. காப்பி குடித்த அன்றும் இப்படித்தான் சிவந்தது.

சித்தப்பா அன்று ஆடியதை வர்ணிக்க எனக்குத் தெரியாது. பந்து உயரத்திலிருந்து காற்றில் அலைந்து வரும், இவர் காலைத் தூக்குவார், அது அங்கேயே அடங்கும். இரண்டு பேர் பாய்ந்து வந்து ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். இவர் அதற்குள் திரும்பியிருப்பார். முதல் கோல் விழுந்தது. "பொள்ளாச்சி மணி" என்று மைக் கத்தியது. இரண்டாவது கோல் விழுந்தது. "பொள்ளாச்சி மணி, பொள்ளாச்சி மணி." பெண்ணின் அப்பா எழுந்து நின்று கைதட்டினார். உட்கார்ந்ததும் அப்பாவிடம், "யாரு பெத்த புள்ளையோ, அருமையா ஆடறானுங்க," என்றார்.

அப்பா எழுந்தார். என்னை இருக்கச் சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மைக் மேசைக்குப் போனார். மைக்கில் அறிவிப்பவர் தலையை ஆட்டி ஆட்டி மறுப்பது தெரிந்தது. டீக்கடைக்காரர் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்தார். அதற்குள் அப்பா குனிந்து மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கம்பெனி கேட்டில் பெயர் கூப்பிடுகிற அதே குரலில், அதே நிறுத்தங்களோடு சொன்னார்.

"ஒன்பதாம் நம்பர் ஆட்டக்காரர் என்னுடைய சொந்தத் தம்பி." பிறகு சித்தப்பாவின் முழுப் பெயர், தாத்தா பெயர், ஊர்ப் பெயர், கொச்சிக் கம்பெனியின் பெயர்.

காலரி அடங்கிப் போயிற்று. கடலைக்காரன் கூடக் கூவவில்லை. காற்று மட்டும் அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு மேற்கே போனது. மைதானத்தில் சித்தப்பா பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு மைக் மேசையையே பார்த்து நின்றார். எதிர் டீம்காரன் அவரிடமிருந்து பந்தை எடுக்கக்கூட வரவில்லை. நான் அந்த அமைதியை மரியாதை என்று நினைத்து ரொம்பப் பெருமையாகக் கைதட்டினேன். பின் வரிசையில் ஒரு லாரி டிரைவர் என் தோளில் கைவைத்து, "வேண்டாம் கண்ணு," என்றார். ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

அப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார். பெண்ணின் அப்பா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா அத்தனை சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

புகார் கொடுத்தது யார் என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. தெரிந்து என்ன ஆகப் போகிறது. பெயரைத் தெருவில் போட்டது நாங்கள். எடுத்துக் கொடுத்தது யாராக இருந்தால் என்ன.

அடுத்த வாரம் உறுதி வார்த்தைக்காகப் பெண்ணின் அப்பா நாலைந்து பேரோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கூடத்தில் பாய் விரித்து, தட்டில் வெற்றிலை பாக்கு தேங்காய் வைத்தாயிற்று. சித்தப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு தூணோரம் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் வாசலில் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் அசோசியேஷன்காரர், மற்றவர் சித்தப்பாவின் கொச்சி டீம் மேனேஜர். மேனேஜருக்குச் சித்தப்பாமேல் பிரியம். அவர் எப்படியாவது காப்பாற்றத்தான் கூட வந்திருக்கிறார் என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. இரண்டு பேரும் மலையாளத்தில்தான் பேசினார்கள். எங்கள் பக்கம் யாருக்குத்தான் மலையாளம் தெரியாது? கூடத்தில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது.

புகார் வந்திருக்கிறது, பெயர் மைக்கில் சொன்னதாக எழுதியிருக்கிறார்கள் என்றார் அசோசியேஷன்காரர். மேனேஜர் குறுக்கிட்டு, அப்பாவைப் பார்த்துச் சொன்னார். ஒரே மாதிரிப் பெயர் பலருக்கு இருக்கும், மைக்கில் யாராவது தப்பாகச் சொல்லியிருக்கலாம். வீட்டில் மூத்தவர் நீங்கள். ஆடியது உங்கள் தம்பி இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாங்கள் இப்படியே திரும்பிப் போகிறோம்.

தப்பிக்கிற கதவு அவ்வளவு அகலமாகத் திறந்திருந்தது. ஒரு வார்த்தை.

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு பெண்ணின் அப்பாவைப் பார்த்தார். அவர் தாம்பூலத் தட்டில் ஒரு கையை வைத்தபடி, அப்பா என்ன சொல்லப் போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தார்.

"வெய்யில்ல வந்திருக்கறீங்க. இருங்க, தண்ணி கொண்டாறேன்," என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே வந்தார்.

நானும் அம்மாவும் சமையலறைக் கதவோரம் நின்றிருந்தோம். அப்பா பித்தளைச் சொம்பை எடுத்துக் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டார். சொம்பைப் பார்த்தார். திரும்பக் குடத்திலேயே ஊற்றினார். மறுபடியும் மொண்டார். மறுபடியும் ஊற்றினார்.

"ஏனுங்க," என்றாள் அம்மா, குரலை இறக்கி. "போயி ஒரு வார்த்த சொல்லிப் போடுங்க. அந்தத் தம்பி பொழச்சுக்கும்."

"அவரு முன்னால எப்பிடிச் சொல்றது? நானே மைக்குல சொன்னதக் கேட்டவரு."

"பொய்க்காரருன்னு நெனச்சா நெனச்சுட்டுப் போறாரு. பொண்ணு வேற கெடைக்காதா?"

அப்பா மறுபடியும் சொம்பைக் கவிழ்த்தார். தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன். கூடத்தில் எல்லோரும் சமையலறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் பார்வை கதவிலிருந்து இறங்கித் தரைக்குப் போனது. பிறகு மேனேஜரிடம் திரும்பி, மெதுவாக, மலையாளத்திலேயே சொன்னார். ஆடியது நான்தான் சார். மைக்கில் பேர் சொல்லச் சொன்னதும் நான்தான். அண்ணனுக்கு இதிலெல்லாம் ஒன்றும் தெரியாது.

அப்பாவின் கையில் சொம்பு நின்றுவிட்டது. அவர் வெளியே போவார் என்று நான் நினைத்தேன். அம்மாவும் நினைத்திருப்பாள், அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். அவர் போகவில்லை. மேனேஜர் எழுந்த சத்தம், செருப்புச் சத்தம், ஜீப் கிளம்பும் சத்தம், அது திருப்பத்தில் தேய்ந்து போகும் வரைக்கும் அங்கேயே நின்றார். அப்புறம் நிறைந்த சொம்போடு கூடத்துக்குப் போனார்.

"அட, அதுக்குள்ள போயிட்டாங்களா," என்றார்.

அந்தக் குரலை நான் மறக்க முயற்சி செய்திருக்கிறேன். எங்கள் அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். வெட்கம் என்று இப்போது தெரிகிறது. வெளியே பெண்ணின் அப்பா, "பையன் உள்ளத மறைக்காமச் சொல்றானுங்க, இந்தக் காலத்துல இப்பிடி ஆரு இருக்கறாங்க," என்று சொல்லி, அப்பாவின் கையிலிருந்த சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

ஒரு வருஷம் தள்ளி வைத்தார்கள். கொச்சிக் கம்பெனி கைவிட்டது. கல்யாணமாகி வந்த சித்தி, கணவன் தார்ப்பாய் கட்டப் போவதைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் குடித்தனம் தொடங்கினாள். செவன்ஸ் ஆடினால் தள்ளிவைப்பு நீளும் என்பதால் அந்த வருஷம் சித்தப்பா அதையும் தொடவில்லை. டீக்கடைக்காரர் கெஞ்சியும் போகவில்லை. சாயங்காலம் பொட்டலில் கிளீனர் பையன்களோடு மட்டும் ஆடுவார். பூட்ஸ் ஆணியில் தொங்கியது. பேப்பர் மாற்றவில்லை, எண்ணெய் தடவவில்லை. தோல் வெடித்துப் பிளந்தது. ஒரு நாள் பார்த்தேன், ஆணி மட்டும் இருந்தது. பூட்ஸ் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

வருகிறவர்களிடம் அப்பாதான் முதலில் சொல்வார். "அவனா கெடுத்துக்கிட்டானுங்க. பேர் சொல்லச் சொல்லியிருக்கறான். வயசு அப்பிடி." முதல் தடவை சொன்னபோது சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை ஒரு நொடி நின்றது. பிறகு, "ஆமாங்க," என்றார். அதோடு அது உண்மையாகிவிட்டது. காலரியில் அத்தனை பேர் தங்கள் காதால் கேட்டிருந்தும், வீட்டுக்காரர்களே இப்படிச் சொன்னால் ஊர் என்ன செய்யும். நாலைந்து வருஷத்தில் ஊரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தது. நீங்களும் அப்படித்தான் கேட்டிருக்கிறீர்கள்.

தள்ளிவைப்பு முடிந்ததும் வேறொரு டீம் எடுத்தது. பிற்பாடு நடந்தது உங்களுக்குத் தெரியும். கோல், கோப்பை, பேப்பரில் படம், கொச்சியில் சொந்த வீடு. அந்த ஒரு வருஷம் இல்லாவிட்டால் இன்னும் மேலே போயிருப்பார் என்று சொல்கிறார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. வேறொன்று தெரியும்.

அதன் பிறகு சித்தப்பா எங்கள் வீட்டில் இருக்கும்போது யாராவது விருந்தாளி வந்து, அப்பா "தண்ணி" என்று வாயெடுத்தால் போதும், சித்தப்பா எழுந்துவிடுவார். "நீங்க இருங்ணா, நான் கொண்டாறேன்." பெரிய ஆட்டக்காரர் ஆன பிறகும், முட்டி ஆபரேஷன் ஆன பிறகும் அப்படித்தான். அண்ணன்மேல் என்ன மரியாதை பாருங்கள் என்று உறவுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளிடம் காட்டுவார்கள். அப்பா அப்போதெல்லாம் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குக் கல்யாணமான புதிதில் ஒரு தடவை, "ஏன் சித்தப்பா நீங்களே போறீங்க, நான் எடுத்தாற மாட்டனா" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அண்ணனுக்குத் தண்ணி மொள்ள நேரமாகும் கண்ணு," என்றார். சிரிப்பு நிஜமான சிரிப்புதான்.

அப்பா போவதற்குச் சில மாதம் முன்னால் சித்தப்பா பார்க்க வந்தார். அப்பாவின் கால் வீங்கியிருந்தது, சுவரைப் பிடித்துத்தான் நடப்பார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நாற்காலியில் உட்கார்ந்து சர்க்கரை அளவு, மருந்து, மழை என்று பேசினார்கள். பேச்சு தீர்ந்தது. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இப்போது செக்போஸ்ட்டில் வரிசை நிற்பதில்லை.

"தண்ணி குடிக்கறயாடா?" என்றார் அப்பா.

சித்தப்பா வழக்கம்போல நாற்காலிக் கையை ஊன்றி எழப் போனார்.

"உக்காரு," என்றார் அப்பா.

சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். பில்டர் குழாயில் தண்ணீர் வருகிறது, தம்ளர் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் சாமி அலமாரியில் இருந்த அந்தப் பித்தளைச் சொம்பை எடுத்தார். கழுவினார். நிறையப் பிடித்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். நான் பிடிக்கிறேன் என்று கையை நீட்டினேன், தலையை அசைத்து வேண்டாம் என்றார். ஒரு கை சுவரில், ஒரு கையில் சொம்பு. ஒவ்வோர் அடிக்கும் தண்ணீர் சிந்தியது. கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது சொம்பில் பாதிக்கும் கீழேதான் இருந்தது.

சித்தப்பா எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார்.

"தாமசமாயிருச்சுடா," என்றார் அப்பா.

சித்தப்பா சொம்பை உயர்த்தி, இருந்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். சமையலறையிலிருந்து நாற்காலி வரைக்கும் தரை ஈரமாக இருந்தது. யாராவது வழுக்கி விழுவார்கள் என்று துணி எடுத்து வந்து குனிந்து துடைத்தேன். நிமிர்ந்தால் அவர்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்க வேண்டி வரும் என்று, துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.